இங்கோரோங்கோரோ கிரேட்டர் சஃபாரி: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தான்சானியாவின் இங்கோரோங்கோரோ கிரேட்டருக்குள், அதாவது எரிமலைப் பள்ளத்துக்குள், இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இணையத்தில் தேட ஆரம்பித்தால், அரை மணி நேரத்தில் தலை சுற்றிவிடும். ஒரே மாதிரிப் பயணத்துக்கு ஒருவர் சொல்லும் விலை இன்னொருவர் சொல்வதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். எந்தக் கட்டணம் அதில் சேர்ந்தது, எது சேரவில்லை என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும். விசா, தடுப்பூசி விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க எனக்கு நிறைய நேரம் பிடித்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். இடிந்து உள்வாங்கிய ஒரு பெரிய எரிமலை இது. விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 600 மீட்டர் கீழே, ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டரில் தட்டையான தளம். அதில் 25,000 அளவுக்குப் பெரிய விலங்குகள் வாழ்கின்றன. தளத்தில் இரவு தங்க யாருக்கும் அனுமதி இல்லை. காலையில் வண்டியில் இறங்கி, மாலைக்குள் மேலே ஏறிவிட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வாய்ப்பது ஒரே ஒரு இறக்கம்தான். அதற்குக் கட்டும் தொகையும் சின்னதல்ல. அதனால் அந்த நாளில் எத்தனை மணிக்கு உள்ளே இறங்குவீர்கள், எத்தனை மணி வரை இருக்கலாம் என்பதை ஊரில் இருக்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்கள் இதைச் சுற்றித்தான்.

1. எந்த மாதம் போவது

கிரேட்டரில் பெரும்பாலான விலங்குகள் ஆண்டு முழுவதும் உள்ளேயே இருப்பவை. பக்கத்தில் இருக்கும் செரங்கெட்டி தேசியப் பூங்காவைப் போல மந்தை இடம்பெயரும் மாதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். புல் குட்டையாக இருக்கும், விலங்குகள் எளிதில் கண்ணில் படும். ஆனால் கூட்டம் அதிகம், விடுதி விலையும் உச்சத்தில் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் விளிம்பை மூடுபனி மூடிக்கொள்ளும், குளிர் நடுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நீண்ட மழை. சில விடுதிகள் மூடப்படும், மற்றவை விலையைக் குறைக்கும். பாதை சேறாகும். ஆனால் மழைக் காலம் என்பதற்காக கிரேட்டர் கட்டணம் குறையாது.

என்னைக் கேட்டால் பிப்ரவரி. அந்தச் சமயத்தில் கிரேட்டரைச் சுற்றியிருக்கும் பாதுகாப்புப் பகுதியின் மேற்கில் இருக்கும் ந்டுட்டு சமவெளியில் வில்டபீஸ்ட் மான்கள் கன்று போடும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். நம் பள்ளி விடுமுறைக்கு அது ஒத்துவராது என்பது உண்மைதான். குழந்தைகளோடு போகிறவர்கள் மே கடைசி அல்லது அக்டோபர் விடுமுறையைப் பார்க்கலாம்.

2. கட்டணக் கணக்கை முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள்

சஃபாரி நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். அரசுக்குப் போகும் கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், அவர்கள் அனுப்பும் விலைப்பட்டியலைப் படிப்பது எளிது.

பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய, வெளிநாட்டைச் சேர்ந்த பெரியவர் ஒருவருக்கு 60 டாலர். அதன்மேல் 18 சதவீதம் வாட் வரி. ஆக 70.80 டாலர். 5 முதல் 15 வயது வரை 20 டாலரும் வரியும், அதாவது 23.60. ஐந்து வயதுக்குக் கீழே இலவசம்.

இது நுழைவுக்கு மட்டும். கிரேட்டருக்குள் இறங்க, வண்டி ஒன்றுக்கு 250 டாலரும் வரியும் தனி. ஆக 295 டாலர். வண்டியில் ஒருவர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் இது மாறாது. பயணத்தின் மொத்தச் செலவை ஆட்டிவைப்பது இந்த ஒரு வரிதான்.

இரண்டு பேர் போனால்: 70.80 இரண்டு மடங்கு, 141.60. அதோடு 295. மொத்தம் 436.60. தலைக்கு 218 டாலர்.
ஆறு பேர் போனால்: 424.80, அதோடு 295. மொத்தம் 719.80. தலைக்கு 120 டாலர்.

தலைக்கு நூறு டாலர் வித்தியாசம் வருகிறது. வண்டி, டீசல், ஓட்டுநர் செலவும் இதே போலப் பங்காகும். வண்டியும் வழிகாட்டியான ஓட்டுநரும் சேர்த்து நாளுக்கு 200 முதல் 300 டாலர் வரை கேட்கிறார்கள். எனவே இரண்டு பேராகப் போகிறவர்கள், வேறு பயணிகளோடு வண்டியைப் பகிர்ந்துகொள்ளும் குழுப் பயணத்தைக் கேட்டுப் பாருங்கள். சஃபாரிகள் புறப்படும் அருஷா நகரில் இது சர்வசாதாரணம். ஆனால் எத்தனை பேர் வரை ஏற்றுவார்கள், ஆளுக்கு ஒரு ஜன்னல் இருக்கை உறுதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏழாவது ஆள் நடு இருக்கையில் மாட்டிக்கொண்டால் அவர் பார்ப்பது முன்னால் இருப்பவரின் தொப்பியைத்தான்.

பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும் விடுதியில் தங்கினால் இரவுக்கு, தலைக்கு இன்னும் ஏறத்தாழ 60 டாலர் சலுகைக் கட்டணம் (கன்செஷன் ஃபீ) என்ற பெயரில் சேரும். பெயர்தான் சலுகை, இது கூடுதல் செலவு. இதைச் சில நிறுவனங்கள் விடுதி விலைக்குள்ளேயே காட்டும், சில தனியாகக் காட்டும். சில கடைசி வரை வாயே திறக்காது.

தான்சானிய அரசின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. கட்டண மாற்றமும் பெரும்பாலும் அந்தத் தேதியில்தான் வரும். ஜூலைக்குப் பிந்தைய பயணத்தை அதற்கு முன்பே பதிவு செய்கிறீர்கள் என்றால், கட்டணம் உயர்ந்தால் யார் கட்டுவது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

3. இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு

பலர் பணத்தையும் நேரத்தையும் இழப்பது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நுழைவு அனுமதி 24 மணி நேரத்துக்கு, ஒரு முறை நுழைவதற்கு. தேதிக் கணக்கு இல்லை. நுழைந்த நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கும். திங்கட்கிழமை பகல் 12 மணிக்கு வாயிலைக் கடந்து, விளிம்பில் இரவு தங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் பகல் 12 மணிக்குள் நீங்கள் வாயிலுக்கு வெளியே இருக்க வேண்டும். காலையில் இறங்கி, பத்தரை மணிக்கே மேலே ஏறத் தொடங்கினால்தான் அது நடக்கும். விலங்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதுவே திங்கள் மாலை 4 மணிக்கு நுழைந்திருந்தால், செவ்வாய் மாலை 4 வரை நேரம் இருக்கிறது. கட்டணம் ஒன்றுதான். கிடைக்கும் நேரம் மட்டும் நான்கு மணி கூடுகிறது.

ஆகவே விளிம்பில் தங்குவதாக இருந்தால், முதல் நாள் மதியத்தை மன்யாரா ஏரியிலோ வாயிலுக்கு முன்னால் இருக்கும் கராத்து ஊரிலோ கழித்துவிட்டு, மாலையில் நுழையும்படி திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். வாயில் மாலை 6 மணிக்கு மூடிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது பொறி செரங்கெட்டி. கராத்துவிலிருந்து செரங்கெட்டிக்குப் போகும் வழக்கமான சாலை இந்தப் பாதுகாப்புப் பகுதியின் வழியாகத்தான் போகிறது. கிரேட்டருக்குள் இறங்காமல் வெறுமனே கடந்து போனாலும் தலைக்கு 70.80 உண்டு. திரும்பி வரும்போது மறுபடியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பயணத்தில் நுழைவுக் கட்டணம் இரண்டு முறை வருவது தவறு அல்ல. அதை ஒரே முறை மட்டும் காட்டியிருக்கும் விலைப்பட்டியல்தான் சந்தேகத்துக்குரியது. மீதியை வழியில் கேட்பார்கள்.

4. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

கிரேட்டருக்குள் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. முதல் முறை வருகிறவர்கள் வாடகைக் கார் எடுத்துத் தாங்களே ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். அருஷாவில் பதிவான ஒரு நிறுவனத்தின் வழியாகப் போவதுதான் நடைமுறை.

மூன்று அல்லது நான்கு நிறுவனங்களுக்கு ஒரே மாதிரியான கேள்விகளை அனுப்புங்கள். டாலா என்று சொல்லப்படும் சுற்றுலா உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அந்த ஆண்டுக்கானதா என்று தேதியைப் பாருங்கள். டாட்டோ எனப்படும் சுற்றுலா நடத்துநர் சங்கத்தில் உறுப்பினரா என்பதைச் சங்கத்தின் பட்டியலிலேயே சரிபார்க்கலாம். உரிமத்தை அனுப்பத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

பிறகு இந்தக் கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்:

நுழைவுக் கட்டணம், கிரேட்டர் கட்டணம், விடுதிச் சலுகைக் கட்டணம், வாட் எல்லாம் விலையில் சேர்ந்ததா? கிரேட்டர் நாளில் வாயிலை எத்தனை மணிக்குக் கடப்போம், எத்தனை மணி வரை தளத்தில் இருப்போம்? வண்டி லேண்ட் குரூஸரா, கூரை திறக்குமா? எத்தனை பேர்? குடிநீர், மதிய உணவு சேர்ந்ததா? வண்டி பழுதானால் மாற்று வண்டி எங்கிருந்து வரும்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே நிறுவனத்தை ஓரளவு எடை போட்டுவிடலாம். சொந்தமாக வண்டி வைத்திருப்பவர் உடனே பதில் சொல்வார். இடைத்தரகர் சுற்றி வளைப்பார்.

இன்னொரு விஷயம். வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை. நிறுவனம் முன்கூட்டியே இணைய முறையில் விவரங்களைப் பதிந்து, கன்ட்ரோல் நம்பர் என்ற எண்ணைப் பெற்று, அதற்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். நாங்கள் போன காலையில் லொடுவாரே வாயிலின் வண்டி நிறுத்தத்தில் ஒரு குடும்பம் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தது. அவர்களுடைய நிறுவனம் பணத்தைக் கட்டவில்லை. ஓட்டுநர் கைபேசியில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். குழந்தைகள் வண்டிக்குள் தூங்கிவிட்டிருந்தார்கள். நாங்கள் கிளம்பும்போதும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். பார்க்கவே வருத்தமாக இருந்தது. ஆகவே பயணத்துக்கு முதல் நாள் மாலை, “அனுமதி ரசீது வந்துவிட்டதா, காட்டுங்கள்” என்று ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்.

5. பணம் அனுப்புவது

பொதுவாக 30 சதவீதம் முன்பணம் கேட்பார்கள், மீதியை வந்திறங்கிய பிறகோ பயணத்துக்குச் சில வாரம் முன்போ கேட்பார்கள். முழுத் தொகையையும் முதலிலேயே கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். உரிமத்தில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து வங்கி வழியாக டாலர் அனுப்ப ஏ2 படிவம், பான் எண், நிறுவனத்தின் இன்வாய்ஸ் தேவை. இடைப்பட்ட வங்கி ஒன்று நடுவில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அனுப்பும்போதே எல்லாச் செலவும் அனுப்புநருடையது என்று குறிப்பிடுங்கள், இல்லையென்றால் அங்கே தொகை குறைந்து போய்ச் சேர்ந்து, வாயிலில் பேச்சு வரும். கார்டில் கட்டலாம் என்பார்கள், ஆனால் சில சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். கணக்குப் போட்டு எது மலிவோ அதைச் செய்யுங்கள். இங்குள்ள டிராவல் ஏஜென்ட்டிடம் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் வரி (விற்கும்போதே பிடிக்கும் வரி) சேரும். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டலாம், சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் கொண்டுபோகும் டாலர் நோட்டுகள் புதிதாக இருக்க வேண்டும். 2006-க்கு முன் அச்சான நோட்டையும், கிழிந்த, பேனாக் கிறுக்கல் உள்ள நோட்டையும் வாங்க மறுப்பார்கள். பணம் மாற்றும் கடையில் நோட்டை வாங்கும்போதே ஒவ்வொன்றாக ஆண்டைப் பாருங்கள். கடைத்தெருச் செலவுக்கு அருஷா ஏடிஎம்மில் ஷில்லிங் எடுத்துக்கொள்வது நல்லது.

6. விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண சுற்றுலா விசா 50 டாலர், ஒரு முறை நுழைவு, 90 நாள் வரை. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கியும் வாங்கலாம். முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுவதே நல்லது. இரவு விமானத்தில் வந்து இறங்கி, இரண்டு வரிசையில் நிற்கும் களைப்பு மிச்சம்.

தேவை: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டின் படம், புகைப்படம், போக வர விமானச் சீட்டு, தங்கும் இடத்தின் பதிவு. பயணத்துக்கு ஒரு மாதம் முன் விண்ணப்பித்துவிடுங்கள். கட்டிய பணம் திரும்ப வராது என்பதால் பெயர், பாஸ்போர்ட் எண் இரண்டையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகு அனுப்புங்கள். நம் ஊரில் அப்பா பெயரையே குடும்பப் பெயர்ப் பகுதியில் போடுகிறவர்கள் உண்டு, அந்தப் பகுதியைக் காலியாக விடுகிறவர்களும் உண்டு. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தனியார் தளங்கள். அரசுத் தளம் போலவே தோற்றம், கட்டணம் மட்டும் இரண்டு மடங்கு. முகவரி 'டாட் ஜிஓ டாட் டிஇசட்' என்று முடிகிறதா என்று பாருங்கள்.

கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்துத் தரப்படும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா தான்சானியாவுக்குச் செல்லாது. நைரோபியில் இறங்கி நமாங்கா எல்லை வழியாகச் சாலையில் வருவதாக இருந்தால் கென்யாவுக்குத் தனி அனுமதி, இங்கே தனி விசா. சில நாட்டவர்களுக்கு முன்னனுமதி பெற்றுத் தரும் வேறு வகை விசா உண்டு, அதற்கு அதிக நாள் ஆகும். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விமானச் சீட்டு எடுக்கும் முன் இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

சஃபாரிக்குப் பிறகு சான்சிபார் தீவுக்குப் போகிறவர்களுக்கு அங்கே கட்டாயக் காப்பீடு உண்டு. 2024 அக்டோபர் முதல் பெரியவர் ஒருவருக்கு 44 டாலர். ஊரில் எடுத்த காப்பீடு இருந்தாலும் இதைக் கட்டியாக வேண்டும்.

7. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

இதில்தான் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். குழப்பத்துக்குக் காரணம், இரண்டு நாடுகளின் விதிகள் இதில் கலந்திருப்பதுதான்.

தான்சானியாவின் விதி: மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வந்தாலோ, அப்படிப்பட்ட நாட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் இடைத்தங்கல் செய்தாலோ சான்று கேட்பார்கள். கென்யாவும் எத்தியோப்பியாவும் அந்த வகையில் வரும். இந்தியாவிலிருந்து தோஹா வழியாக நேராக வந்தால் கேட்க வேண்டியதில்லை.

இந்தியாவின் விதி: பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து திரும்புகிறவரிடம் செல்லுபடியாகும் சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். வழியில் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்துவிட்டு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது சுகாதார அதிகாரி திருப்தி அடைந்தால்தான்.

அடிஸ் அபாபா, நைரோபி வழியாகத்தான் பலருக்கும் மலிவான விமானம் கிடைக்கிறது. விமானம் தாமதமாகி ஊருக்குள் விடுதியில் தங்கவைத்துவிட்டால் என்ன செய்வது? வாதாடிக்கொண்டிருப்பதைவிட ஊசியைப் போட்டுக்கொள்வது மேல். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதற்கும் செல்லும்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும், துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் உண்டு. எந்த நாளில் போடுகிறார்கள், முன்பதிவு எப்படி என்று கேட்டுக்கொண்டு போங்கள். அசல் பாஸ்போர்ட் கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையில் எழுதிய பாஸ்போர்ட் எண்ணை அங்கேயே நின்று சரிபாருங்கள். இதையெல்லாம் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது.

அதே மருத்துவரிடம் மலேரியா மாத்திரை பற்றியும் கேளுங்கள். விளிம்பின் குளிரில் கொசு குறைவு. ஆனால் வழியில் இருக்கும் அருஷா, ம்டோ வா ம்பு போன்ற இடங்களில் மலேரியா உண்டு.

8. கராத்துவா, விளிம்பா: எங்கே தங்குவது

கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து அருஷா ஒரு மணி நேரம். அருஷாவிலிருந்து வாயில் வரை மூன்று, மூன்றரை மணி நேரம், நல்ல தார்ச்சாலை. அருஷாவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று விற்கிறார்கள். வேண்டாம். பாதி நாள் சாலையிலேயே போய்விடும், நீங்கள் இறங்கும்போது வெயில் ஏறி விலங்குகள் நிழலில் படுத்திருக்கும்.

கராத்து வாயிலுக்கு முன்னால் இருக்கும் கடைசி ஊர். அரை மணி நேரத்தில் வாயிலை அடைந்துவிடலாம். எல்லா விலையிலும் அறை கிடைக்கும், சலுகைக் கட்டணம் இல்லை, அனுமதிக் கணக்கும் காலையில்தான் தொடங்கும். முதல் முறை போகிறவர்களுக்கு இதுவே சரி என்பது என் முடிவு.

விளிம்பில் இருக்கும் விடுதிகளின் அழகே வேறு, விலையும் வேறு. கூடாரம் போட விரும்புகிறவர்களுக்கு விளிம்பில் சிம்பா முகாம் இருக்கிறது, தலைக்கு 35 டாலர் அளவில். வேலி கிடையாது. வரிக்குதிரையும் காட்டெருமையும் கூடாரங்களுக்கு நடுவே மேயும், யானை தண்ணீர்த் தொட்டிக்கு வரும். இரவில் கழிவறைக்குத் தனியாகப் போகாதீர்கள், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு பேராகப் போங்கள். கூடாரத்துக்குள் உணவு வைக்கவே கூடாது. குளிர் தாங்கும் தூக்கப் பை தருவார்களா என்று முன்பே கேளுங்கள்.

9. பையில் என்ன வைப்பது

விளிம்பு ஊட்டியைவிடச் சற்று உயரம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டைகளோடு வருகிறவர்கள் காலை ஐந்து மணிக்குத் திறந்த கூரை வண்டியில் நடுங்குவார்கள். ஸ்வெட்டர், காற்று புகாத மேல்சட்டை, காதை மூடும் குல்லா வேண்டும். பத்து மணிக்குத் தளத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், அப்போது கழற்றிக்கொள்ளும்படி அடுக்கடுக்காகப் போடுங்கள்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கருப்புக் காண்டாமிருகம் பெரும்பாலும் பாதையிலிருந்து வெகுதூரத்தில்தான் நிற்கும். பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது. வெறும் கண்ணுக்கு அது ஒரு பாறை, அவ்வளவுதான். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலரில் பார்த்தால் கொம்பு இரண்டும் தெரியும், காது திரும்புவது தெரியும்.

2019 ஜூன் முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. நம் வழக்கப்படி முறுக்கையும் பருப்புப்பொடியையும் கேரி பேக்கில் சுற்றி எடுத்துப் போனால் விமான நிலையத்தில் பையை வாங்கிக்கொள்வார்கள். துணிப்பை, டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிளக் அங்கே நுழையாது. பிரிட்டிஷ் வகை மூன்று முள் அடாப்டர் தேவை. டிரோனைத் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே எழுதுங்கள், முதல் நாள் இரவு விடுதியிலும் நினைவுபடுத்துங்கள். மதிய உணவுப் பெட்டியில் வழக்கமாக ஒரு கோழித்துண்டும் அவித்த முட்டையும் இருக்கும். சைவம் என்று மட்டும் சொன்னால் கோழியை எடுத்துவிட்டு முட்டையை வைத்துவிடுவார்கள். “முட்டையும் வேண்டாம்” என்று தனியாகச் சொல்ல வேண்டும். சப்பாத்தி, அவரைக் கூட்டு, சோறு, வாழைப்பழம் எல்லா இடத்திலும் கிடைக்கும். பட்டினி கிடக்க நேராது.

10. இறங்கும் நாள்

கராத்துவிலிருந்து ஐந்தேகால் மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது முன்வரிசையில் இருக்கலாம். ஓட்டுநர் அலுவலகத்துக்குள் போகும் நேரத்தில் வண்டியின் ஜன்னல்கள், கூரை எல்லாவற்றையும் மூடிவையுங்கள். வாயிலில் பபூன் குரங்குகள் சுற்றும், திறந்த ஜன்னல் வழியாக உணவுப் பெட்டியோடு இறங்கிப் போய்விடும்.

பிறகு காட்டுச் சாலையில் விளிம்பைச் சுற்றிப் போய், மேற்கே செனெட்டோ வழியாக இறங்குவார்கள். அது இறங்க மட்டும். லெராய் சாலை ஏற மட்டும். கிழக்கே இருக்கும் சாலையில் இரண்டும் உண்டு. ஏழரைக்குள் தளத்தில் இருந்தால் நல்ல தொடக்கம். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மணி நேரம் என்றுதான் திட்டமிடும். முன்பே பேசி எழுதி வாங்கியது இப்போது கைகொடுக்கும்.

முதல் இரண்டு மணி நேரத்தைத் திறந்த புல்வெளியில் செலவிடச் சொல்லுங்கள். சிங்கம், கழுதைப்புலி, காண்டாமிருகம் மூன்றுக்கும் அதுதான் நேரம். ஒரு சிங்கத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வண்டிகள் நிற்பது இங்கே வழக்கம். அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் நிற்காதீர்கள். சற்றுத் தள்ளிப் போனால் வேறு விலங்கு வேறு யாரும் இல்லாமல் கிடைக்கும். வெயில் ஏறியதும் சிங்கங்கள் வண்டிகளின் நிழலுக்கே வந்து படுப்பதுண்டு. எங்கள் வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு பெண்சிங்கம் படுத்துக்கொண்டது. கண்ணைச் சுற்றி ஈ மொய்த்தது, மூச்சு வாங்கும்போது விலா எலும்பு ஏறி இறங்கியது. அப்படி நேர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதீர்கள், சத்தம் போடாதீர்கள். அது எழுந்து போகும் வரை வண்டியையும் எடுக்க மாட்டார்கள்.

நீர்யானைகள் இருக்கும் ங்கோய்ட்டோகிடோக் ஊற்றுக்கரைதான் மதிய உணவுக்கு நிறுத்தும் இடம். கழிவறை இருக்கிறது. மற்றபடி நினைத்த இடத்தில் இறங்க முடியாது என்பதால் வயதானவர்களும் குழந்தைகளும் காலையில் தண்ணீரை அளவாகக் குடிப்பது நல்லது. இங்கே வெளியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். கரும்பருந்துகள் மேலே வட்டமிடும். பின்னாலிருந்து பாய்ந்து, வாய்க்குக் கொண்டுபோகும் சப்பாத்தியைப் பறித்துவிடும். நகம் பட்டால் கை கிழியும். வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பிறகு ஏரிக்கரையில் நில்லுங்கள்.

ஏறுவதற்கு முன் லெராய் காட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள். மஞ்சள் பட்டை மரங்களுக்கு நடுவே நீண்ட தந்தம் உள்ள கிழட்டு ஆண் யானைகள் தனியாகத் திரியும். இவ்வளவு பெரிய தந்தத்தை வேறெங்கும் பார்ப்பது அரிது.

குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்: உள்ளே ஒட்டகச்சிவிங்கி கிடையாது. பள்ளத்தின் செங்குத்தான சுவரில் அவை இறங்கி வருவதில்லை. மன்யாராவிலும் செரங்கெட்டியிலும் பார்த்துக்கொள்ளலாம். தளத்தில் இருக்கும் மகாடி ஏரியில் பூநாரை எவ்வளவு இருக்கும் என்பது நீர்மட்டத்தைப் பொறுத்தது. கூட்டம் கூட்டமாக இருக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

முதுகுவலி உள்ளவர்கள் முன்னிருக்கையைக் கேளுங்கள். பாதை முழுவதும் குலுக்கல். கர்ப்பிணிகளுக்கு இந்தப் பயணம் ஏற்றதல்ல.

11. டிப்ஸும் திரும்பும் வழியும்

ஓட்டுநர்-வழிகாட்டிக்கு வண்டிக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 டாலர் கொடுப்பது வழக்கம். கடைசி நாளில் மொத்தமாக, உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். கூடாரப் பயணத்தில் சமையற்காரருக்குத் தனி.

வழியில் மாசாய் குடியிருப்பைப் பார்க்க நிறுத்தட்டுமா என்று கேட்பார்கள். விருப்பமிருந்தால் போங்கள், ஆனால் மொத்தம் எவ்வளவு என்று இறங்கும் முன் பேசிவிடுங்கள். சாலையோரத்தில் நிற்கும் மாசாய் மக்களை, குறிப்பாகக் குழந்தைகளை, கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வாழும் இடம்.

கல், எலும்பு, இறகு, முள்ளம்பன்றி முள் எதையும் உள்ளிருந்து எடுத்து வராதீர்கள். கடைகளில் யாராவது தந்தப் பொருள் என்று காட்டினால் கிளம்பிவிடுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேன் செய்கிறார்கள், பிடிபட்டால் சிறை வரை போகும். நினைவுக்கு ஏதாவது வாங்க விரும்பினால் கராத்துவின் காப்பிக்கொட்டை நல்லது. சுற்றியுள்ள சரிவுகளில் விளைவது, ஊர்க் கடைகளில் வறுத்தே கிடைக்கும். மஞ்சள் அட்டையை மட்டும் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். நம் ஊர் விமான நிலையத்தில் பெட்டியை எடுக்கும் முன்பே அதைக் கேட்பார்கள்.